பொங்கற் காலத்துப் பந்தயம்

சென்ற வாரம் மாணவர் ஒருவர் நம்மிடம் வந்து, "அமெரிக்காவில் எல்லா அணிகளிலுமுள்ள சிறந்த வீரரைப் பொறுக்கியெடுத்து ஆடுவிக்கும் உதைபந்தாட்டம் ஒன்று உண்டாமே, நம்மவரிடையே அப்படி ஏதும் இருந்ததா?" என்று வினவினார்.

இருந்தது. எனினும் அமெரிக்கருடையதை முதலிற் சொல்லிவிடுவோம். பெயர்தான் உதைபந்தாட்டம், பந்து காலிற் படுவதை விடக் கையில் இருப்பதே அதிகம். 1951ஆம் ஆண்டு சனவரி 14ஆந் திகதி, நாம் தைப்பொங்கல் கொண்டாடிய அன்று, லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் தொழில்முறை அணிகளின் இரு பிரிவினரும் தத்தம் சிறந்த வீரரைத் திரட்டி மோதினர். அமெரிக்கப் பிரிவு 28க்கு 27 என ஒரே புள்ளியால் வென்றது. காலப்போக்கில் வீரர்கள் காயத்துக்கு அஞ்சிப் பட்டும் படாமலும் ஆடலாயினர். ஆகவே 2023 முதல் அது இடையிற் கட்டிய கொடியைப் பறிக்கும் இலேசான ஆட்டமாக மாறிவிட்டது.

நம்மவர் பந்தயமும் பொங்கற் காலத்ததே. சென்னைச் சேப்பாக்கம் மைதானத்தில் ஆண்டுதோறும் ஐரோப்பியரும் இந்தியரும் இரு அணிகளாகத் துடுப்பாட்டம் ஆடினர். மாகாணப் போட்டி என்பது அதன் பெயர். ஊரார் வாயிற் பொங்கற் போட்டி. முதற்றரப் போட்டியாக 1915-16 முதல் 1951-52 வரை அது நடைபெற்றது.

அதன் பின்னால் ஓர் அவமானம் இருக்கிறது. சேப்பாக்கத்தை ஆண்ட ஐரோப்பியர் கழகம் இந்திய வீரரைத் தன் மண்டபத்துள் நுழைய விடவில்லை. வெள்ளையர் உள்ளே உண்ண, இவர்கள் மரநிழலில் உண்டனர். இதனைப் பொறாத புச்சி பாபு நாயுடு, வசைபாடிக்கொண்டிராமல் 1888இல் மதராஸ் ஐக்கியக் கழகத்தை நிறுவி இளைஞரைப் பயிற்றினார். இரு சாராரும் சமமாக நின்று ஆடும் பந்தயம் வேண்டுமென்று முயன்றவரும் அவரே. அதனைக் கண்ணாற் காணாமலே 1908இல் அவர் மறைந்தது நமக்கு இன்றும் நெஞ்சை உறுத்துகிறது.

நிறம் பார்த்துப் பிரித்த பந்தயந்தான், அதில் ஐயமில்லை. ஆனால் மைதானத்தில் வேறொன்றும் நிகழ்ந்தது. எம். ஜே. கோபாலன் என்ற இளம் பந்துவீச்சாளரின் திறமையைக் கண்டுபிடித்து, பர்மா ஷெல் நிறுவனத்தில் வேலையும் வாங்கிக் கொடுத்தவர் ஜோன்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர். பொங்கற் போட்டியில் எதிரணியில் நின்றவர்! கோபாலன் 1934இல் ரஞ்சிக் கிண்ணத்தின் முதற் பந்தை வீசினார். ஹொக்கியிலும் அவர் வல்லவர். 1936இல் பேர்லின் ஒலிம்பிக் ஹொக்கியா, இங்கிலாந்துத் துடுப்பாட்டப் பயணமா என்ற நிலை வந்தபோது இரண்டாவதைத் தேர்ந்தார். ஹொக்கி அணி தங்கம் வென்றது. இவருக்கோ இங்கிலாந்தில் ஒரு டெஸ்ட் ஆட்டமும் கிட்டவில்லை. பாவம், அவர் கணக்கில் எழுதப்பட்ட டெஸ்ட் ஒன்றே ஒன்றுதான். அது அதற்கு முன்பே கல்கத்தாவில் ஆடியது.

வெள்ளையர் ஆட்சி போனபின் ஐரோப்பியர் அணிக்கு ஆள் ஏது? பொங்கற் போட்டி நின்றது. அதன் இடத்துக்கு 1952-53 பருவத்தில் வந்தது கோபாலன் கிண்ணம். இம்முறை எதிரே நின்றவர்கள் கடல் கடந்து சென்ற நம் இலங்கை அணியினர்.

சேப்பாக்கத்துக்கு இலங்கையர் புதியவரல்லர். 1947இலேயே தமிழரான மகாதேவன் சதாசிவம் அங்கே தென்னிந்திய அணிக்கெதிராக 215 ஓட்டங்கள் குவித்திருந்தார். அடுத்த ஆண்டு பிராட்மனின் அவுஸ்திரேலிய அணி கொழும்பில் ஆடியபோது இலங்கைக்குத் தலைமை தாங்கியவரும் அவரே.

வினவிய மாணவர் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியைச் சேர்ந்தவர். பரியோவான் கல்லூரியுடன் 1904 முதல் நடந்துவரும் 'வடக்கின் பெரும் போர்' அவருக்கு உயிர். "அந்த இரு கல்லூரிகளிலும் சிறந்தவர்களைச் சேர்த்து ஒரே அணியாக நிறுத்தினால் கைதட்டுவீரா?" என்று கேட்டோம். சற்று யோசித்து, "எங்கள் பையன் துடுப்பெடுத்தாடும் போது மட்டும்" என்றார்.