வேப்பிலை செருகிய வாசல்

சங்கரன்கோவிலை அடுத்த மேலநீலிதநல்லூர் போன்ற ஊர்களில் ஒரு வீட்டு வாசலில் வேப்பிலைக்கொத்துச் செருகியிருந்தால் அயலார் உள்ளே நுழையார். அது அம்மை கண்ட வீடு. இதனை வெறும் சடங்கென்பாரும் உளர். நோய் பிறருக்குப் பரவும், ஆதலின் ஒரு வீடு ஊரின்பொருட்டுத் தன்னை ஒதுக்கிக்கொள்ள வேண்டும் என்னும் அறிவும் அதனுள் உண்டு என்றே நான் கருதுகிறேன். தடுப்பூசியை மறுப்போர் பற்றிக் கேள்விப்படும்போதெல்லாம் அந்த வேப்பிலையே என் நினைவுக்கு வருகிறது.

2017 பிப்ரவரி 6 அன்று தமிழகத்தில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கான முகாம் அது. ஊசியால் கேடு விளையும் என்னும் வதந்தி வாட்ஸ்அப் வழியே அதனினும் விரைந்து பரவியது. பெற்றோர் பலர் இசைய மறுத்தனர். பிப்ரவரியில் முடியவேண்டிய முகாம் மார்ச்சு வரை நீண்டது. அப்பெற்றோரை அறிவிலிகள் என இகழ எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைமேல் கொண்ட அன்பே அவர்களை அஞ்சவைத்தது. ஆயினும் அந்த அச்சத்துக்கு விலை கொடுப்பவர் யார்?

மலைக்கு அப்பால் உள்ள கேரளம் எழுத்தறிவிலும் மருத்துவ வசதியிலும் முன்னிற்பது. அங்கேயே 2016இல் மலப்புரம் மாவட்டத்தில் தொண்டை அடைப்பான் பரவியது, உயிரிழப்பும் நேர்ந்தது. தொண்டையில் சவ்வுபோலப் படர்ந்து மூச்சை அடைக்கும் கொடிய நோய் அது. அதற்கு ஆளானோருள் பெரும்பாலோர் தடுப்பூசியை அறவே பெறாதவர்கள் அல்லது முழுமையாகப் பெறாதவர்கள். மாநிலத்தின் சராசரிக் கணக்கு உயர்ந்திருப்பதால் மட்டும் பயனில்லை. மறுப்போர் பெரும்பாலும் ஒரே தெருவில், ஒரே உறவுக்குள் சேர்ந்து வாழ்கின்றனர். நோய் அந்தத் தெருவைத்தான் தேடி வருகிறது.

‘என் பிள்ளைக்கு எது நல்லது என்று எனக்குத் தெரியும்’ என்பது மறுப்போர் கூற்று. தட்டம்மை கண்ட ஒருவர், தடுப்பாற்றல் இல்லாத 12 முதல் 18 பேருக்கு அதனைப் பரப்பவல்லவர். அவர் நீங்கிய அறையின் காற்றிலும் 2 மணி நேரம் வரை நோய்க்கிருமி தங்கும். அடுத்த வீட்டுத் தொட்டிலில் 8 மாதக் குழந்தை உறங்குகிறது. 9 மாதம் நிறைந்த பின்னரே அதற்கு முதல் ஊசி. புற்றுநோய்க்கு மருத்துவம் பெறும் சிறுவனுக்கோ இவ்வூசியைப் போடவே இயலாது. 100 பேரில் 95 பேரேனும் தடுப்பாற்றல் பெற்றிருந்தால்தான் இவ்விருவருக்கும் காவல். ஊசி வேண்டாம் என்று இவர்கள் சொல்லவில்லை. இவர்களை எவரும் கேட்கவுமில்லை.

அவ்வாறாயின் மறுப்போரைத் தண்டிக்கலாமா? அச்சத்தைத் தண்டனை தீர்க்காது, மறைக்கத்தான் கற்பிக்கும். போலியோ சொட்டு மருந்து மலட்டுத்தன்மை தரும் என ஐயுற்று, மேற்கு உத்தரப்பிரதேசத்தில் குடும்பங்கள் பல கதவை அடைத்தன. 2002இல் நாட்டில் போலியோ கண்ட ஏறத்தாழ 1,600 பேரில் பெரும்பகுதியினர் அம்மாநிலத்தவரே. சமயப் பெரியோரும் அவ்வூர்ப் பெண்களும் வீடுவீடாகச் சென்று, சினவாமல், மீண்டும் மீண்டும் பேசினர். கதவுகள் மெல்லத் திறந்தன. 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்துச் சிறுமி ஒருத்திக்குக் கண்டதே இந்நாட்டில் இயற்கைப் போலியோவின் இறுதி நிகழ்வு.