பற்றாசும் பட்டாசும்

வெண்பா நடத்தும்போது சிவகாசிப் பக்கத்து மாணவர்களிடையே ஆண்டுதோறும் ஒரு சிரிப்பு எழும். 'ஆசு என்பது பற்றாசு' என்று நான் சொல்ல, அவர்கள் காதில் 'பட்டாசு' என்று விழும். நானும் சிரித்துவிட்டு, பழைய உரைகள் தரும் விளக்கத்தைச் சொல்வேன்: உலோகத் துண்டுகளை இணைக்கப் பொற்கொல்லர் இடையே வைப்பது பற்றாசு, அதுபோல, முதற்குறளின் இறுதிச் சீரையும் தனிச்சொல்லையும் இணைக்கக் கூட்டும் ஓரிரு அசைகளே ஆசு. இருபது ஆண்டுகளாகச் சொல்லிவருகிறேன். பற்றாசைக் கையால் தொட்டதில்லை.

சென்ற கோடையில் மகனின் பொம்மை ரயில் அதற்கு வழிசெய்தது. அதற்கு மின்சாரம் தண்டவாளத்தின் வழியாகவே போகிறது. துண்டுகளை இணைக்கும் தகட்டில் களிம்பேறினால் வண்டி பாதியில் நின்றுவிடும். ஒவ்வொரு துண்டுக்கும் தனியே கம்பி பற்றவைப்பதே தீர்வு. நான் ஈயத்தை உருக்கித் தண்டவாளத்தின்மேல் சொட்டவிட்டேன். மணிமணியாக உருண்டு நின்றது. இழுத்தால் கையோடு வந்தது. பிளாஸ்டிக் அடிக்கட்டைகள் உருகியதுதான் மிச்சம்.

விருதுநகரில் எங்கள் தெருவில் டிவி பழுதுபார்ப்பவர் பார்த்துச் சிரித்தார். "இது ட்ரை சால்டர் சார். மொதல்ல தேய்ச்சுச் சுத்தம் பண்ணி பேஸ்ட் வைங்க. ஈயத்த உருக்காதீங்க, தண்டவாளத்தச் சூடாக்குங்க. ஈயம் தானா ஓடிப் பிடிச்சுக்கிடும்." கம்பிக்கும் தண்டவாளத்துக்கும் தனித்தனியே ஈயம் பூசி, பிறகு சேர்த்துச் சுடவைத்தார். வெள்ளீயமும் காரீயமும் 60க்கு 40 கலந்த அந்த ஈயம் ஏறத்தாழ 190 பாகை செல்சியசில் முழுதும் உருகிவிடுகிறது. இரண்டே நொடிதான்.

ஆசு எனக்கு அன்றுதான் புரிந்தது. இணையும் இரண்டும் சுத்தமாகவும் சூடாகவும் இருந்தாலன்றி அது பற்றாது. பற்றியபின் துருத்திக்கொண்டு தெரியவும் கூடாது. அசை தனியே துருத்தும் வெண்பாவும் ட்ரை சால்டர்தான்.

என் மாணவர் பலரின் பெற்றோர் தீப்பெட்டியிலும் பட்டாசிலும் உழைப்பவர்கள். பிள்ளையின் கையில் மருந்து படக்கூடாது என்றே கல்லூரிக்கு அனுப்புகிறார்கள். அது நியாயம், கைத்தொழிலைப் போற்றிப் பாட எனக்கு உரிமையில்லை. ஆனால் ஆபத்திலிருந்து பிள்ளைகளை மீட்கிறோம் என்ற பெயரில், கையின் அறிவே இழிவானது என்றும் சத்தமின்றிக் கற்பித்துவிடுகிறோம். 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யப் பயின்று வந்ததிலிருந்து வளர்ந்த தொழில் சிவகாசியுடையது. அந்த ஊர்ப் பிள்ளை தாயின் தொழிலைச் சொல்லக் கூசிக்கொண்டே, பொற்கொல்லரிடம் உவமை கடன்வாங்கிய இலக்கணத்தை மனப்பாடம் செய்கிறான்.

வரும் பருவத்தில் யாப்பு வகுப்பை ஒரு மாலை அந்தக் கடையில் நடத்த எண்ணியிருக்கிறேன். அவர் சால்டரிங் என்பார். நான் பற்றாசு என்பேன். மாணவர்கள் இரண்டையும் தொட்டுப் பார்க்கட்டும்.