உடைந்தது கார், பிடித்தது கூலி!

சென்ற மாதம் கோவைப் பக்கம் ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்யும் இளம் மெக்கானிக் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். கையில் சம்பளச் சீட்டு. 16,000 ரூபாய் வரவேண்டிய இடத்தில் 12,000 ரூபாய்தான் வந்திருக்கிறது. "டேமேஜ்" என்று ஒரே ஒரு சொல்லை எழுதி 4,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டார்கள். இன்னும் ஐந்து மாதம் இப்படியே பிடிப்பார்களாம். மொத்தம் 24,000 ரூபாய்!

நடந்தது இதுதான். ஆயில் மாற்றுவதற்காக ஒரு கார் வந்தது. அதன் சொந்தக்காரர் வெளிக் கடையில் கொடுத்து ஸ்பிரிங்கை மாற்றி, வண்டியைத் தரையோடு தரையாக இறக்கியிருந்தார். இரு பக்கமும் அழகுக்காகப் பிளாஸ்டிக் பட்டை வேறு மாட்டியிருந்தார். லிப்ட்டின் கை எந்த இடத்தில் பட்டு வண்டியைத் தூக்க வேண்டுமோ, அந்த இடத்தையே அந்தப் பட்டை மறைத்துக்கொண்டிருந்தது. லிப்ட் ஏறியது, பட்டை பிளந்தது. சொந்தக்காரர் கூச்சல் போட்டார். முதலாளி அவருக்குப் புதுப் பட்டை வாங்கிக் கொடுத்து நல்ல பெயர் எடுத்துக்கொண்டார். பணத்தைத் தொழிலாளியின் கூலியிலிருந்து எடுத்துக்கொண்டார்.

"லிப்ட்டுல ஏத்துனது நாந்தானுங்க தோழர். இல்லைங்கல. ஆனா அடியில அப்படியொரு பட்டை இருக்குதுன்னு எனக்கு யாருங்க சொன்னாங்க? ஜாப் கார்டுல ஆயில் மாத்துன்னு மட்டுந்தானுங்க எழுதியிருந்துச்சு" என்று கேட்டார் அந்தத் தம்பி. இந்தக் கேள்விக்கு யார் பதில் சொல்வது?

மில்லில் வேலை செய்யும் தோழர்களுக்கு இது புதுக்கதை அல்ல. பம்பாய் மில்களில் அந்தக் காலத்தில் துணியில் பழுது விழுந்தால் அந்தத் துணியை நெசவாளியின் தலையிலேயே கட்டி, விலையைக் கூலியில் கழித்தார்கள். பஞ்சு மட்டமா, மிஷின் பழசா என்று யாரும் கேட்கவில்லை. விவசாயத் தொழிலாளிக்கும் இது தெரிந்த கதைதான். பண்ணையாரின் நோஞ்சான் மாடு சேற்றில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டால் ஏர் பிடித்தவன்தானே பழி சுமந்தான்? மாடு போய் கார் வந்திருக்கிறது. பழி சுமப்பவன் மட்டும் மாறவில்லை.

மூன்று பேர், மூன்று பொறுப்பு

நாம் நியாயத்தை நியாயமாகவே பேசுவோம். இந்த விவகாரத்தில் மூன்று பேர் இருக்கிறார்கள்: வண்டிக்காரர், ஒர்க்‌ஷாப் முதலாளி, மெக்கானிக்.

முதலில் வண்டிக்காரர். வண்டியை மாற்றி அமைத்தவர் எல்லோரும் பணக்காரர் என்று நாம் நினைக்கக்கூடாது. பெட்ரோல் செலவைக் குறைக்கக் காஸ் கிட் மாட்டிய டாக்ஸி டிரைவர் இருக்கிறார். கால் இயங்காதவர் கையாலேயே பிரேக் பிடிக்கும்படி மாற்றிக்கொண்ட வண்டி இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் முறைப்படி அனுமதி பெற்றுப் பதிவுச் சான்றிலும் குறித்துக்கொண்டால் சட்டமே இடம் தருகிறது. மற்றபடி, கம்பெனி செய்து பதிவான வண்டியின் அமைப்பை இஷ்டம்போல மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதிப்படுத்தியது.

மாற்றம் சட்டப்படி ஆனதோ இல்லையோ, அதைச் சொல்லவேண்டிய கடமை வண்டிக்காரருக்கு உண்டு. 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 150-வது பிரிவைப் பாருங்கள். பொருளை ஒப்படைப்பவர், அதில் உள்ள ஆபத்தான குறை தனக்குத் தெரிந்திருந்தால் வாங்குபவரிடம் சொல்லிவிட வேண்டும். மறைத்ததனால் வாங்கியவருக்கு நேரும் நஷ்டத்துக்கு மறைத்தவரே பொறுப்பு. வெளிக் கடையில் ரிலேயும் பியூஸும் இல்லாமல் வயரை வெட்டி ஒட்டி விளக்கு மாட்டிய வண்டியில் மெக்கானிக் கை வைக்கிறார். வயர் உரசித் தீப்பிடித்தால் கருகுவது வண்டி மட்டுமா? தொழிலாளியின் கையும்தான்.

இரண்டாவது, ஒர்க்‌ஷாப் முதலாளி. வண்டி மாற்றப்பட்டது என்பதற்காக அதை எப்படி வேண்டுமானாலும் உடைக்கலாம் என்று அவருக்கு யாரும் அனுமதி தரவில்லை. சட்டத்தை மீறிய மாற்றம் என்றால் அபராதம் போட சர்க்கார் இருக்கிறது. அதே ஒப்பந்தச் சட்டத்தின் 151-வது பிரிவு, சாதாரண விவேகமுள்ள மனிதன் தன் சொந்தப் பொருளை எவ்வளவு ஜாக்கிரதையாகக் காப்பானோ அவ்வளவு ஜாக்கிரதை வேண்டும் என்கிறது. அந்த ஜாக்கிரதையை எடுத்தும் கெட்டுப்போனால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை பொறுப்பில்லை என்கிறது 152-வது பிரிவு.

ஆகவே கேள்வி, ஜாக்கிரதை எடுத்தார்களா என்பதே. தரையை உரசிக்கொண்டு உள்ளே வரும் வண்டியைப் பார்த்தவுடனேயே அது மாற்றப்பட்டது என்று தெரியாதா? சாவியை வாங்கிய சர்வீஸ் அட்வைசர் சுற்றி வந்து பார்த்திருக்க வேண்டாமா? குனிந்து பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? ஐந்து நிமிஷம்! அந்த ஐந்து நிமிஷத்தைத்தான் முதலாளி கொடுப்பதில்லை. காலையில் வந்த வண்டி பகலுக்குள் போகவேண்டும், அடுத்த வண்டி ஏறவேண்டும் என்று விரட்டுகிறார். அவசரத்தில் வரும் லாபம் அவருக்கு. அவசரத்தில் வரும் நஷ்டம் தொழிலாளிக்கு! இது எந்த ஊர் கணக்கு?

ஜாப் கார்டின் பின்னால் பொடி எழுத்தில் "சேதத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று அச்சடித்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று சிலர் எண்ணுகிறார்கள். தீராது. 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவைக் குறைபாட்டுக்கு நஷ்டஈடு கேட்கலாம். நியாயமற்ற ஒப்பந்தத்தையும் எதிர்த்துக் கேட்கலாம். அங்கே பதில் சொல்ல வேண்டியவர் சர்வீஸுக்குப் பணம் வாங்கிய முதலாளியே.

கூலியில் கைவைக்க யார் அதிகாரம் தந்தது?

மூன்றாவது, மெக்கானிக். தொழிலாளி செய்தால் எல்லாம் சரி என்று நாம் வாதாடவில்லை. வேண்டுமென்றே உடைத்தாலோ, சொன்ன பிறகும் அலட்சியமாக இருந்தாலோ அது தவறுதான். நல்ல தொழிலாளி அதைச் செய்யமாட்டான். அவனுக்குத் தன் கைவேலையில் மானம் உண்டு. ஆனால் தவறு யாருடையது என்று விசாரிக்காமலே கூலியில் கைவைப்பது பகல்கொள்ளை.

இந்தக் கொள்ளையைத் தடுக்கத்தான் 1936-ல் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் வந்தது. அதன் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் 2019-ஆம் வருஷத்து ஊதியத் தொகுப்புச் சட்டத்தை அமல் செய்திருக்கிறார்கள். அந்தத் தொகுப்புச் சட்டங்களை நாம் எதிர்த்துப் போராடி வருகிறோம். அது தனி விஷயம். ஆனால் அதிலும்கூடப் பழைய பாதுகாப்பை எடுத்துவிட முடியவில்லை. பொருள் அந்தத் தொழிலாளியின் காவலில் வெளிப்படையாக ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். நஷ்டம் அவருடைய அலட்சியத்தினால் நேரடியாக வந்திருக்க வேண்டும். அவர் தன் தரப்பைச் சொல்லச் சந்தர்ப்பம் தரவேண்டும். நஷ்டத்தின் அளவுக்கு மேல் ஒரு காசும் பிடிக்கக்கூடாது.

நமது தம்பியின் விஷயத்தை இதில் வைத்துப் பாருங்கள். சாவியை வாங்கியது அட்வைசர். பட்டையைப் பற்றி எழுதாதது அட்வைசர். வேகப்படுத்தியது முதலாளி. விளக்கம் கேட்டு ஒரு துண்டுக் காகிதமாவது கொடுத்தார்களா? இல்லை. பிறகு எந்த நியாயத்தில் 4,000 ரூபாய் பிடித்தார்கள்?

செய்யவேண்டியது என்ன?

ஒர்க்‌ஷாப் தோழர்களுக்கு நாம் சொல்வது இதுதான்:

1. வண்டியில் வெளியே செய்த மாற்றம் ஒவ்வொன்றையும் வண்டிக்காரரிடம் கேட்டு, ஜாப் கார்டில் எழுதி, கையெழுத்து வாங்கும் முறை வேண்டும் என்று கேளுங்கள்.

2. லிப்ட்டில் ஏற்றுமுன் நான்கு பக்கமும் அடிப்பக்கமும் போனில் படம் எடுத்துவையுங்கள்.

3. சந்தேகம் இருந்தால் கை வைக்காதீர்கள். மேலே இருப்பவரை அழைத்து, அவர் உத்தரவை எழுத்தில் வாங்குங்கள்.

4. வெற்றுக் காகிதத்திலோ, "என் தவறு" என்று எழுதிய காகிதத்திலோ கையெழுத்துப் போடாதீர்கள். பிடித்தம் செய்தால் சம்பளச் சீட்டோடு தொழிலாளர் துறை அதிகாரியிடம் மனுக் கொடுங்கள்.

வண்டிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் சண்டை சாவி வாங்கியவரோடு. அடியில் படுத்து வேலை செய்கிறவரோடு அல்ல. காஸ் கிட் மாட்டிய டாக்ஸி டிரைவரும் எண்ணெய்க் கையோடு நிற்கும் மெக்கானிக்கும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டால், நடுவில் நின்று சிரிப்பவர் யார் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தத் தம்பி தனியாகப் போய்க் கேட்டபோது, "இஷ்டமில்லாவிட்டால் நின்றுகொள்" என்றார்கள். பிறகு கூட வேலை செய்யும் 22 பேர் கையெழுத்திட்டு ஒரே மனுவாகக் கொடுத்தார்கள். இந்த மாதச் சம்பளத்தில் பிடித்தம் இல்லை. பிடித்த 4,000 ரூபாய் இன்னும் திரும்பவில்லை. அது திரும்பும் வரை அந்த 22 கையெழுத்தும் கலையக்கூடாது. ஒரு கையெழுத்தைக் கிழித்துப்போட்டவர்களால் 22 கையெழுத்தைக் கிழிக்க முடியவில்லை. மில்லிலும் வயலிலும் நாம் கற்ற பாடமும் இதுவே அல்லவா?