எது முதல் படம்? ஏன் இந்தச் சண்டை?

ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் முடிந்தால் டீக்கடைகளில் கூட்டம் சேரும். அங்கே தமிழ் கேட்கும், தெலுங்கு கேட்கும், கன்னடமும் கேட்கும். எல்லையூர் அல்லவா? அரசியல் பேச்சு ஓய்ந்தால் சினிமாப் பேச்சு தொடங்கும். சினிமா என்றால் ஒப்பிடாமல் முடியுமா?

"எங்கள் படம்தான் முதல்!" என்பார் ஒருவர்.

"இல்லை, எங்கள் படம்தான்!" என்பார் இன்னொருவர்.

2018-ம் ஆண்டு இந்தச் சண்டைக்கு நல்ல தீனி போட்டது. ஜூன் மாதம் தமிழில் 'டிக் டிக் டிக்' வந்தது. ஜெயம் ரவி நடித்த படம். பூமியை நோக்கி ஒரு விண்கல் பாய்ந்து வருகிறது. அதைத் தகர்க்கும் வேலைக்காக ஒரு வித்தைக்காரன் விண்வெளிக்கு அனுப்பப்படுகிறான். டிசம்பரில் தெலுங்கில் 'அந்தரிக்ஷம் 9000 கே.எம்.பி.எச்.' வந்தது. வருண் தேஜ் நடித்த படம். பழுதான செயற்கைக்கோளைச் சரிசெய்ய ஒரு வீரன் மேலே போகிறான்.

தமிழ்ப் படத்துக்கு "இந்தியாவின் முதல் விண்வெளிப் படம்" என்று விளம்பரம். தெலுங்குப் படத்துக்கு "தெலுங்கின் முதல் விண்வெளிப் படம்" என்று விளம்பரம். ரசிகர்கள் படத்தை விட்டுவிட்டார்கள்; 'முதல்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள்!

தாத்தாவைக் கேளுங்கள்

வீட்டில் வயதான தாத்தா இருந்தால் அவரைக் கேட்கலாம். 1963-ம் ஆண்டு ஏப்ரலில் 'கலை அரசி' என்ற தமிழ்ப் படம் வந்தது. எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்தது. வேறு கிரகத்தில் விஞ்ஞானம் ஓங்கி வளர்ந்திருக்கிறது. ஆனால், பாட்டு இல்லை! ஆகவே பூமிக்கு வந்து ஒரு பாடகியைத் தூக்கிச் செல்கிறார்கள். எத்தனை அழகான கற்பனை!

தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது அதே 1963-ம் ஆண்டு நவம்பர் 21-ந்தேதிதான். தும்பாவிலிருந்து ராக்கெட் மேலே போவதற்கு முன்பே நம் சினிமா வானத்துக்குப் போய்விட்டது! 1967-ல் இந்தியில் தாராசிங் நடித்த சந்திரமண்டலப் படமும் வந்தது.

"அவை மாயக்கதைகள், இது விஞ்ஞானக் கதை" என்று விளம்பரக்காரர் வாதாடலாம். அப்படியானால் அதையே சொல்லட்டுமே! 'முதல்' என்று சொன்னால், கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் பாடுபட்டவர்களின் உழைப்பு மறைந்துபோகிறது.

நல்ல விளம்பரம் எது?

1998-ல் வந்த 'ஆர்மகெடான்' என்ற ஆங்கிலப் படத்திலும் விண்கல் கதைதான். அதில் எண்ணெய்க் கிணறு தோண்டுபவர்கள் விண்வெளிக்குப் போனார்கள். தமிழில் வித்தைக்காரன் போனான். புதுமை அங்கேதான் இருக்கிறது. "விண்வெளியில் ஒரு வித்தைக்காரன்" என்று சுவரொட்டி அடித்திருந்தால் உண்மையும் இருந்திருக்கும், ஆவலும் வந்திருக்கும்.

இது வெறும் சொல் சண்டை அல்ல. தொழிலாளி ஒருவர் மனைவி மக்களோடு ஒரு படம் பார்க்க டிக்கெட், பஸ், தின்பண்டம் என்று கணக்குப் போட்டால் ஒரு நாள் சம்பளம் பறந்துவிடும். அந்தப் பணத்தை ஒரு பொய்ச் சொல் பிடுங்கக் கூடாது. பந்திக்கு முந்தியவன்தான் நன்றாகச் சமைத்தவன் என்று யாராவது சொல்வார்களா?

ஒப்பிடுவது தவறல்ல, நன்றாக ஒப்பிடலாம். கதை புதியதா? அதில் சொல்லும் விஞ்ஞானம் நம்பும்படி இருக்கிறதா? படம் முடிந்து வரும்போது குழந்தை ஏதாவது கேட்கிறதா? இந்த மூன்றையும் பார்த்தால் போதும். தமிழ்ப் படமா, தெலுங்குப் படமா என்ற பேதம் தானே ஓடிவிடும்.

ஓசூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் பெங்களூர். இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் அங்கேதான் இருக்கிறது. "அப்பா, செயற்கைக்கோள் ஏன் கீழே விழவில்லை?" என்று பஸ்ஸில் ஒரு குழந்தை கேட்டால், அதுவே நல்ல படம். அது முதல் படமா, பத்தாவது படமா என்று யார் கேட்கப் போகிறார்கள்?