எதிர்ப்புச் சக்தி 'ஏறினால்' போதுமா?

எந்த மெடிக்கல் ஷாப்பிலாவது பத்து நிமிடம் நின்று கவனித்துப் பாருங்கள். கருமத்தம்பட்டியாக இருந்தாலும் சரி, காந்திபுரமாக இருந்தாலும் சரி... யாராவது ஒருத்தர் வந்து, ''ஏனுங்க, எதிர்ப்புச் சக்தி ஏர்றதுக்கு நல்ல டானிக்கா ஒண்ணு குடுங்க'' என்று கேட்பார். பையனுக்கு அடிக்கடி சளி, அப்பாவுக்குச் சர்க்கரை, பாட்டிக்கு எழுபது வயசு... எல்லாருக்கும் சேர்த்து ஒரே பாட்டில்! கடைக்காரரும் பளபளவென்று லேபிள் ஒட்டிய ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடுவார்.

அந்தக் கேள்வியே தப்பு என்பது என் கருத்து. எதிர்ப்புச் சக்தி என்பது மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மாதிரி, ஊற்ற ஊற்ற மட்டம் ஏறும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது அப்படி வேலை செய்வதில்லை. யாரை அடிக்க வேண்டும், யாரை விட வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருப்பதுதான் நல்ல எதிர்ப்புச் சக்தி. இதைப் புரிந்துகொள்ள நம் ரத்தத்தில் ஓடும் ஒரே ஒரு வகை அணுவைப் பார்த்தால் போதும்.

மில் கேட்டில் ஒரு வாட்ச்மேன்

வெள்ளை அணுக்களில் 'லிம்போசைட்' என்று ஒரு பிரிவு உண்டு. அதில் நூற்றுக்குச் சுமார் 5 முதல் 15 வரை 'இயற்கைக் கொல்லி செல்கள்'. பெயரைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். இவை நம் கட்சிதான்! 1975-ல் ஸ்வீடன் நாட்டுக் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் ரால்ஃப் கீஸ்லிங் என்பவரும் அவருடைய சகாக்களும் இவற்றைக் கண்டறிந்து இந்தப் பெயரை வைத்தார்கள். புதிதாக ஒரு வைரஸ் நுழைந்தால், மற்ற வீரர்கள் அதை அடையாளம் கண்டு, பெருகி, களத்துக்கு வருவதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதுவரை வீட்டைக் காப்பது யார்? முன்பயிற்சி எதுவும் இல்லாமல் முதல் இரண்டு மூன்று நாளிலேயே இறங்கிவிடுகிற இந்தக் கொல்லி செல்களுக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

சரி, யார் எதிரி என்று இவற்றுக்கு எப்படித் தெரிகிறது? இங்கேதான் இயற்கையின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

நம் பக்கத்து மில் கேட்டில் நிற்கிற வாட்ச்மேனை நினைத்துக்கொள்ளுங்கள். ஊரில் உள்ள திருடர்கள் எல்லாருடைய முகமும் அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. ''ஐ.டி. கார்டு எங்கே?'' என்று மட்டும் கேட்பார். நம் உடம்பில் ஏறத்தாழ எல்லா செல்களும் இப்படி ஓர் அடையாளக் கார்டை வெளியே மாட்டிக்கொண்டிருக்கின்றன. அதற்கு 'எச்.எல்.ஏ.' என்று பெயர். கொல்லி செல்லின் மேற்பரப்பில் கைகள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் 'ஏற்பிகள்' அந்தக் கார்டைத் தடவிப் பார்க்கும். கார்டு சரியாக இருந்தால், ''போ சாமி'' என்று விட்டுவிடும். அதாவது, அந்த ஏற்பி ஒரு பிரேக். இன்னும் சில ஏற்பிகள் ஆக்ஸிலரேட்டர். வைரஸ் புகுந்த செல்லோ, புற்றுநோயாக மாறும் செல்லோ, தன் மேற்பரப்பில் சில ஆபத்துக் குறிகளைக் காட்டும். அவற்றைத் தொட்டதும் இந்த ஏற்பிகள், ''அடி!'' என்று உத்தரவு போடும். பிரேக்கா, ஆக்ஸிலரேட்டரா, எது ஓங்குகிறதோ அதுதான் தீர்ப்பு. தீர்ப்பு மரணம் என்றால், 'பெர்ஃபோரின்' என்ற புரதத்தால் எதிரிச் செல்லில் துளை போட்டு, அதன் வழியே 'கிரான்சைம்' என்ற நொதியைச் செலுத்தும். அந்தச் செல் தானே செத்துப்போகும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 'டி செல்' என்கிற இன்னொரு படை, அந்தக் கார்டில் வைரஸின் துண்டு ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துத்தான் பிடிக்கும். அதனால் சில தந்திரக்கார வைரஸ்களும் புற்றுநோய்ச் செல்களும் கார்டையே கழற்றி எறிந்துவிடுகின்றன. போலீசிடம் தப்பித்தாயிற்று! ஆனால் கார்டு இல்லாத காரணத்தாலேயே வாட்ச்மேனிடம் மாட்டிக்கொள்கின்றன. கார்டு இல்லாத செல்லைக் கொல்லி செல்கள் அழிக்கின்றன என்பதை 1986-ல் கிளாஸ் கேரெ குழுவினர் எலிகளில் நிரூபித்துக் காட்டினார்கள்.

''அப்படியானால் ரத்தச் சிவப்பணுக்களில் அந்தக் கார்டு அனேகமாக இல்லையே, அவற்றை ஏன் கொல்வதில்லை?'' என்று விவரமான வாசகர்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. ஆபத்துக் குறியும் இல்லையே! பிரேக் இல்லாவிட்டாலும் ஆக்ஸிலரேட்டரை அழுத்த ஆள் இல்லை.

இந்தக் கார்டும் ஏற்பியும் ஆளுக்கு ஆள் மாறும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பிச்சப்பனும் அவருடைய குழுவினரும் தென் தமிழக மக்களின் எச்.எல்.ஏ. வகைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். அதில் ஒரு வகை, நுரையீரல் காசநோயாளிகளிடம் அதிகமாகக் காணப்படுவதாகவும் எழுதினார்கள். ஆக, எதிர்ப்புச் சக்தி என்பது எல்லாருக்கும் ஒரே அளவில் ஊற்றுகிற சரக்கு அல்ல.

வாட்ச்மேன் இல்லாவிட்டால்?

வீட்டில் குழந்தைக்குச் சின்னம்மை போட்டால் வேப்பிலை வைத்து, தனி ரூமில் படுக்கவைத்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் 'அம்மா இறங்கிட்டா' என்று நிம்மதி ஆகிறோம். பெரும்பாலான குழந்தைகளுக்கு அது தானாகவே சரியாகிவிடுகிறது. காரணம், உள்ளே படை வேலை செய்திருக்கிறது. 1989-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு பதின்வயதுப் பெண்ணின் கதை வெளிவந்தது. சின்னம்மை அவள் உயிருக்கே உலை வைத்தது. அதே வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்த வேறு நோய்களும் தொடர்ந்து தாக்கின. பரிசோதித்துப் பார்த்தால், அவள் ரத்தத்தில் இயற்கைக் கொல்லி செல்களே இல்லை! நாம் சாதாரணம் என்று நினைக்கிற ஒரு நோய் சாதாரணமாக இருப்பது யாருடைய தயவில் என்று இப்போது தெரிகிறதா?

சண்டை நிற்காவிட்டால்?

''அப்படீன்னா அதிகமா இருக்கிறது நல்லதுதானே?'' என்று கேட்பீர்கள். இல்லை. எதிரிகளைக் கொல்வது மட்டுமல்ல, வேலை முடிந்த பிறகும் ஆவேசம் அடங்காத நம் சொந்தப் படையைக் கட்டுப்படுத்துவதும் இந்தச் செல்களின் கடமை.

1952-ல் பிரிட்டனில் இரண்டு டாக்டர்கள், ஒரே வீட்டில் பிறந்த குழந்தைகளுக்கு வந்த விசித்திரமான நோயைப் பற்றி எழுதினார்கள். விடாத காய்ச்சல், வீங்கிய மண்ணீரல், கல்லீரல், குறைந்துகொண்டே போகும் ரத்த அணுக்கள். சிலருக்கு இதன் காரணம் பெர்ஃபோரின் மரபணுவில் உள்ள பழுது என்பது 1999-ல்தான் தெரிந்தது. துளை போடும் ஆயுதம் இல்லாததால் சண்டை முடிவதே இல்லை. முடியாத சண்டையில் உடம்பே எரிகிறது. இந்தக் குழந்தைக்குத் தேவை, எதிர்ப்புச் சக்தியை 'ஏற்றுகிற' டானிக் அல்ல, அதை அடக்குகிற மருந்து! பிறகு பொருத்தமான எலும்பு மஜ்ஜை. வேலூர் சி.எம்.சி.யில் 1986-லிருந்தே மஜ்ஜை மாற்று சிகிச்சை நடக்கிறது.

கொரோனாவில் இதையே பெரிய அளவில் பார்த்தோம். 2020-ல் இங்கிலாந்தில் நடந்த ஆய்வில், 'டெக்சாமெத்தசோன்' என்ற விலை குறைந்த ஸ்டீராய்டு, வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. எதிர்ப்புப் படையை அடக்கியதால் பிழைத்தார்கள். மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். 2021-ல் தேவையில்லாதவர்களுக்கும் அதே ஸ்டீராய்டைக் கொடுத்தது, கட்டுப்படாத சர்க்கரையோடு சேர்ந்து, கருப்புப் பூஞ்சை நோய்க்கு வழிவிட்டது. கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து!

நடுத்தரமே போதும்

ஜப்பானில் சைதாமா மாநிலத்தில் 3,600-க்கும் மேற்பட்டவர்களின் கொல்லித் திறனை அளந்துவிட்டு, 11 ஆண்டுகள் கவனித்தார்கள். முடிவு 2000-ல் வெளிவந்தது. திறன் குறைவாக இருந்தவர்களுக்குப் புற்றுநோய் அதிகம் வந்தது. ஆனால் நடுத்தரமாக இருந்தவர்களுக்கும் மிக அதிகமாக இருந்தவர்களுக்கும் ஆபத்து ஏறத்தாழ ஒன்றுதான். இதற்கு மேல் எதை 'ஏற்ற'?

கொரோனா சமயத்தில் டாக்டரைக் கேட்காமல் சீந்தில் கொடிச் சாறு குடித்தவர்களில் ஆறு பேருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததாக மும்பை மருத்துவர்கள் 2021-ல் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. யார் சொல்வது சரி என்ற விவாதம் இருக்கட்டும். சித்த மருந்தோ, ஆங்கில மருந்தோ, நாமாகவே தினம் குடிப்பது மருத்துவம் ஆகாது. மிளகு ரசம், மஞ்சள் பால் எல்லாம் தாராளமாகச் சாப்பிடுங்கள். அது உணவு. ருசியாகவும் இருக்கும்!

காசு எங்கே போகவேண்டும்?

முதலில் தூக்கம். அதற்குக் காசே வேண்டாம். 1994-ல் அமெரிக்காவில் 23 ஆண்களை ஒரே ஓர் இரவு, பின்னிரவு 3 மணிக்கு மேல் தூங்கவிடாமல் செய்து பார்த்தார்கள். கொல்லி செல்களின் திறன் சராசரியாக நான்கில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தது. நன்றாகத் தூங்கியதும் பழைய நிலைக்குத் திரும்பியது. கருமத்தம்பட்டி, சோமனூர்ப் பக்கம் ராத்திரி ஷிப்டில் தறி ஓட்டிவிட்டு வருகிறவர்களின் வீட்டுக்காரர்களே, பகலில் அவர் தூங்கும்போது டி.வி. சத்தத்தைக் குறையுங்கள். ''பகல்ல என்ன தூக்கம்?'' என்று எழுப்பாதீர்கள். எந்த டானிக்கையும் விட அது பெரிய உதவி.

இரண்டாவது, தடுப்பூசி. படைக்கு எதிரியின் முகத்தை முன்கூட்டியே காட்டிவைப்பது அதுதான். சின்னம்மைக்குத் தனியாரிடம் தடுப்பூசி உண்டு. டாக்டரைக் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். கர்ப்பிணிகளுக்கு அம்மை வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போகவேண்டும். பெரியவர்களுக்கு வரும் அக்கி, சிறு வயதில் வந்த அதே சின்னம்மைக் கிருமி நரம்பில் ஒளிந்திருந்து, உடம்பு தளரும்போது தலைகாட்டுவது. காவி குழைத்து அக்கி எழுதுவதோடு நின்றுவிடாமல், மூன்று நாளைக்குள் டாக்டரைப் பாருங்கள். மாத்திரை அப்போதுதான் நன்றாகக் கேட்கும்.

மூன்றாவது, கொஞ்சம் கசப்பான விஷயம். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 28 திருமணங்கள் சொந்தத்தில் நடந்தவை. ''வேற கூட்டம்தானுங்களே, தாய்மாமன் பொண்ணுதானே'' என்போம். கூட்டம் அப்பா வழியில் வருவது. மரபணுவுக்கு அந்தக் கணக்குத் தெரியாது. அது இரண்டு பக்கமும் வரும். தாய், தந்தை இருவரிடமும் ஒரே பழுதான மரபணு இருந்தால், பெர்ஃபோரின் கோளாறு போன்ற நோய் ஒவ்வொரு குழந்தைக்கும் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. உங்கள் குடும்பத்தில் எப்போதாவது ஒரு கைக்குழந்தை விடாத காய்ச்சலில், காரணம் தெரியாமல் இறந்திருக்கிறதா? 'தெய்வக் குத்தம்' என்று மூடி மறைக்காதீர்கள். அடுத்த குழந்தைக்கு முன்பாகவே டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள். நீங்கள் சொல்கிற அந்த ஒரு வார்த்தை, பிறக்கப்போகும் பிள்ளையின் உயிரைக் காப்பாற்றலாம்.

அதனால், அடுத்த தடவை கேள்வியை மாற்றிக் கேளுங்கள். ''எதிர்ப்புச் சக்தியை எப்படி ஏத்தறது?'' என்று வேண்டாம். ''ஏற்கெனவே இருக்கிற காவலை நாம எதுல கெடுத்துக்கிட்டு இருக்கோம்?'' என்று கேளுங்கள். பதில் பெரும்பாலும் உங்கள் வீட்டிலேயே கிடைக்கும்!