ஒரு குழந்தையைப் பற்றி ஆறு பேர்

பள்ளி ஆசிரியருக்கு ஆசிரியர் ஓய்வறை இருக்கிறது. இடைவேளையில் பக்கத்தில் இருப்பவரிடம், “அந்தப் பையன் உங்க வகுப்புல எப்படி இருக்கான்?” என்று கேட்டுவிடலாம். மாலை நேர மையத்தில் சொல்லிக்கொடுப்பவருக்கு அந்த வசதி கிடையாது. கோயில் மண்டபத்திலோ, சமுதாயக் கூடத்திலோ, சொந்த வீட்டுத் திண்ணையிலோ பிள்ளைகளோடு அவர் தனியாக உட்கார்கிறார். மனதில் எழுகிற கேள்விகளைத் தனியாகவே வீட்டுக்குக் கொண்டுபோகிறார்.

2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கப்பட்ட இல்லம் தேடிக் கல்வித் திட்டம் இந்தத் தனிமையைப் பெரிய அளவில் நம் கண்முன் கொண்டுவந்தது. மாலை 5 மணிக்கும் 7 மணிக்கும் இடையே ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம், ஒருவருக்குச் சுமார் 20 குழந்தைகள், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை என்று அது வகுக்கப்பட்டது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள் தொடக்க நிலைக்கும், பட்டதாரிகள் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கும் வந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள். பயிற்சி கிடைத்தது, கற்றல் பொருள்கள் கிடைத்தன. சக தன்னார்வலரோடு உட்கார்ந்து ஒரு குழந்தையைப் பற்றி நிதானமாகப் பேசும் நேரம் மட்டும் பலருக்கு வாய்க்கவில்லை. தொண்டு நிறுவனங்களும் நூலகங்களும் நடத்தும் மையங்களிலும் இதே நிலைதான்.

கூட்டங்கள் நடக்காமல் இல்லை. முப்பது நாற்பது பேரை உட்காரவைத்து ஒருவர் சுற்றறிக்கை படிப்பார், வருகைப் பதிவு பற்றிச் சொல்வார், படம் எடுத்ததும் கூட்டம் முடிந்துவிடும். வாட்ஸ்அப் குழுவில் தகவல் போய்ச் சேரும். தயங்கித் தயங்கிக் கேட்கவேண்டிய கேள்வியை அங்கே யாரும் கேட்க மாட்டார்கள்.

ஐந்தாறு பேர் கொண்ட சிறு வட்டங்களே நமக்கு வேண்டும். அவை எப்படிப் பேசவேண்டும் என்பதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 1965இல் தொடங்கிய ப்ராஸ்பெக்ட் பள்ளியில் பட்ரீஷியா கரீனியும் உடன் பணியாற்றியவர்களும் ஒரு முறையை உருவாக்கினார்கள். ஆசிரியர் ஒரே ஒரு குழந்தையை ஐந்து கோணங்களில் விவரிப்பார்: உடலசைவும் இருப்பும், மனப்போக்கு, பிறரோடு உள்ள உறவு, ஆழ்ந்த விருப்பங்கள், யோசிக்கும் விதமும் கற்கும் விதமும். தலைமை ஏற்பவர் கேட்டதைத் தொகுத்துச் சொல்வார். மற்றவர்கள் சந்தேகம் கேட்பார்கள். யோசனைகள் கடைசியில்தான் வரும். ‘மந்தம்’, ‘சேட்டை’, ‘கவனமில்லை’ போன்ற தீர்ப்புச் சொற்களுக்கு அங்கே இடமில்லை.

இந்தக் கட்டுப்பாடு என்ன செய்யும் என்பதை ஒரு வட்டத்தில் நேரில் பார்த்தேன். நான்காம் வகுப்புச் சிறுவன் ஒருவனைப் பற்றி, “உட்காரவே மாட்டேங்கிறான்” என்று தொடங்கினார் ஒரு தன்னார்வலர். “எப்போ எழுந்திருக்கிறான்னு மட்டும் சொல்லுங்கக்கா” என்றார் வட்டத்தை நடத்திய பெண். யோசித்துப் பார்த்தால், ஆறு மணிக்குச் சற்று முன்னால்தான். அதுவரை ஒழுங்காக எழுதுகிறான். அதன் பிறகு தெருவைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். அந்த நேரத்தில்தான் கம்பெனி வேன் வரும், அம்மா இறங்குவார் என்று அதே தெருவைச் சேர்ந்த இன்னொருவர் சொன்னார். தெரு தெரிகிற இடத்தில் அவனை உட்காரவைப்பது, வாசிப்பை முதல் அரைமணியிலேயே முடித்துவிடுவது என இரண்டு யோசனைகள் எழுந்தன. இரண்டுமே செலவில்லாதவை. தனியாக யோசித்திருந்தால் அவருக்கு இவை தோன்றியிருக்காது.

வட்டம் நிலைக்கச் சில ஏற்பாடுகள் தேவை. பேசுபவர் யார், நடத்துபவர் யார், குறிப்பெடுப்பவர் யார் என்று முன்கூட்டியே முடிவுசெய்யுங்கள். முறை மாறி மாறி வரட்டும். பி.எட். முடித்தவரே ஒவ்வொரு முறையும் பதில் சொன்னால் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர் வாய் திறக்க மாட்டார். மேற்பார்வையாளர் உடன் இருந்தால் குறையைச் சொல்லவே பயம் வரும். அவர் வராமல் இருப்பதே உதவி. இரவு ஏழு மணிக்கு மேல் பெண்கள் வீடு திரும்பவேண்டியிருப்பதால் சனிக்கிழமைக் காலை தோதாக இருக்கும். குழந்தையின் பெயரை மாற்றிச் சொல்லுங்கள். குடும்பச் செய்தி எதுவும் வட்டத்தைத் தாண்டக் கூடாது. குழந்தை பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளாகிறது என்ற ஐயம் எழுந்தால் அது வட்டத்தில் வைத்துப் பேசும் விஷயமே அல்ல. போக்சோ சட்டப்படி உடனே காவல்துறைக்குத் தெரிவிக்கவேண்டும். 1098 எண்ணிலும் உதவி கேட்கலாம்.

“இருக்கிற வேலைக்கே நேரமில்லை” என்ற பேச்சு எழும். அது நியாயமானது. ஆகவே நிர்வாகங்களுக்கு நம் கோரிக்கை இது: மாதம் ஒன்றரை மணி நேர வட்டத்தைப் பணி நேரமாகக் கணக்கிடுங்கள், போக்குவரத்துச் செலவைக் கொடுங்கள், அறிக்கை கேட்காதீர்கள். குழந்தையைக் கூர்ந்து பார்ப்பதும் கற்பித்தலின் ஒரு பகுதிதான். அதற்கு ஊதியம் தராத திட்டம் பாதி வேலையைக் கணக்கில் விட்டுவிடுகிறது.

வாசகர்கள் ஆணைக்காகக் காத்திருக்கவேண்டாம். பக்கத்து மையங்களில் இருந்து நான்கைந்து பேரை இந்த மாதமே அழையுங்கள். மிகவும் சிரமப்படுத்துகிற குழந்தையை விட்டுவிட்டு, நீங்கள் இதுவரை அதிகம் கவனிக்காத குழந்தையைப் பற்றிப் பேசத் தொடங்குங்கள். அமைதியாக மூலையில் இருக்கும் பிள்ளைகளைப் பற்றி எந்தக் கூட்டத்திலும் யாரும் புகார் சொல்வதில்லை. அதனால்தான் அவர்கள் பேச்சில் வராமலே போகிறார்கள்.