ஏறவில்லையா, ஏற்றவில்லையா?

‘பேட்டரி போய்விட்டது, மாற்றிவிடுங்கள்’ என்னும் தீர்ப்பை இந்த ஓராண்டில் எங்கள் விடுதியில் மட்டும் நால்வர் கேட்டுவிட்டோம். நால்வரில் ஒருவர்க்கே அது உண்மையாக இருந்தது. மற்ற மூவர்க்கும் அது, பெருந்தன்மையோடு சொல்வதானால், ஆராயாமல் சொல்லப்பட்ட தீர்ப்பு. பெருந்தன்மையைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு எழுதுகிறேன்.

என் கதையிலிருந்தே தொடங்குகிறேன். கோராபுட் மாவட்டத்தில் துருவா பேசும் ஊரொன்றுக்குக் களப்பணிக்குப் புறப்பட ஒன்பது நாள் இருந்தது. அங்கே மாலையில் மின்சாரம் வரும், வராமலும் போகும். பதிவுசெய்ததை அன்றிரவே கேட்டு, ஐயமுள்ள சொற்களை மறுநாள் காலையில் அதே மூதாட்டியிடம் திரும்பக் கேட்பதுதான் என் முறை. மடிக்கணினி மூன்று மணிநேரமாவது தனித்து நிற்க வேண்டும். அதுவோ 60 விழுக்காட்டில் நின்றுவிட்டது. இரவு முழுதும் செருகி வைத்தாலும் 60தான். நிறுவனத்தின் சேவை மையத்தில் பத்து நிமிடம் உள்ளே கொண்டுபோய் வைத்திருந்துவிட்டு, புதுப் பேட்டரி 7,800 ரூபாய் என்றார்கள். நெட் வழி உதவித்தொகை இல்லாத முனைவர்பட்ட மாணவர்க்கு மத்தியப் பல்கலைக்கழகம் தருவது மாதம் 8,000 ரூபாய். மிச்சம் 200 ரூபாயில் கோராபுட் போய்வரலாம் போலும்.

பழுது என்று எதுவுமே இல்லை. நிறுவனமே நிறுவித் தந்த மென்பொருளில், பேட்டரியின் ஆயுளைக் காக்க மின்னேற்றத்தை 60 விழுக்காட்டில் நிறுத்தும் அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தது. லித்தியம் அயனிக் கலம் முழுதாக நிரம்பிய நிலையில், அதிலும் வெப்பத்தில், நெடுநாள் இருந்தால் விரைவில் தளரும். ஆகவே எந்நேரமும் செருகியே வைத்திருப்போர்க்கு 60 அல்லது 80இல் நிறுத்துவது நல்ல ஏற்பாடு. அதை இயக்கியது யார்? நானாகவே இருக்கலாம். ‘பாதுகாக்கவா?’ என்று எப்போதோ ஒரு பெட்டி கேட்டிருக்கும். நூலகத்தில் அவசரத்தில் ஆம் என்றிருப்பேன். அதை அணைக்க அரை நிமிடம் ஆயிற்று. சேவை மையத்தார்க்கு இது தெரியாதென்று நம்ப நான் ஆயத்தமில்லை. தெரியாதென்றால் அது இன்னும் மோசம்.

இதைத் துறைத் தேநீர்க்கடையில் சொன்னபோது ஒரு மூத்த ஆய்வாளர், “மொழியியல் படிப்பவருக்கு இதில் என்ன வேலை? காசு கொடுத்து மாற்றிக்கொள்ள வேண்டியதுதானே” என்றார். அவருக்கான மறுமொழியே இப்பதிவு. ஐயா, இதில் மொழியியலுக்குத்தான் முதல் வேலை இருக்கிறது.

திரையில் வரும் அறிவிப்பைப் பாருங்கள்: ‘ப்ளக்டு இன், நாட் சார்ஜிங்’. செருகப்பட்டிருக்கிறது, மின்னேறவில்லை. எழுவாய் எங்கே? காரணம் எங்கே? தமிழில் ஏறு என்பது தன்வினை, ஏற்று என்பது பிறவினை. ‘சார்ஜ் ஏறவில்லை’ என்னும்போது குறை பேட்டரியின்மேல் விழுகிறது. ‘ஏற்றவில்லை’ என்றால் ஏற்ற மறுத்தது எது என்ற கேள்வி எழும். மடிக்கணினிக்குள் மின்னேற்றத்தை ஆளும் சில்லு ஒன்று உண்டு. வரம்பு வைத்திருந்தால் அது ஏற்றாது. அடாப்டரை அடையாளம் காணாவிட்டால் ஏற்றாது. பேட்டரி சுட்டால் ஏற்றாது. மூன்றிலும் பேட்டரி நலமாகவே இருக்கலாம். மறுத்த காரணம் அச்சில்லுக்குத் தெரியும்; நமக்குச் சொல்லப்படுவதோ செய்பவன் மறைந்த ஒரு வாக்கியம். பழுதுபார்க்கும் கலை முழுதும் அந்தப் பிறவினையை மீட்டெடுப்பதில்தான் இருக்கிறது.

நம் பேச்சுவழக்கு இந்த அறிவிப்பைவிட நுட்பமானது. ‘சார்ஜ் ஏறல’ என்பதும் ‘சார்ஜ் நிக்கல’ என்பதும் எங்கள் ஊர்க் கடைக்காரர்க்கு இருவேறு நோய்கள். நிற்கவில்லையென்றால் கலம் தளர்ந்திருக்கும். ஏறவில்லையென்றால் அவர் முதலில் வயரைத்தான் தொட்டுப் பார்ப்பார். சேவை மையத்தின் படிவத்தில் இரண்டுக்கும் சேர்த்து ‘பேட்டரி சிக்கல்’ என ஒரே கட்டம்.

என் அறைத்தோழர்க்கு நேர்ந்தது இதனினும் கொடிது. அவர் பணம் கொடுத்து மாற்றியேவிட்டார். புதுப் பேட்டரியும் ஏறவில்லை. அவருடையது போன்ற அடாப்டர் முனையின் நடுவில் மெல்லிய ஊசி ஒன்று இருக்கும். அது மின்சாரம் தருவதற்கன்று. ‘நான் இத்தனை வாட் அடாப்டர்’ என்று கணினியிடம் சொல்வதற்கு. அதனோடு சேர்ந்த கம்பி அறுந்தால் கணினி வேகம் குன்றி ஓடும், பேட்டரிக்கு மட்டும் ஏற்றாது. விடுதிக்கு எதிரே குடையின்கீழ் அமர்ந்திருப்பவர் வேறொரு அடாப்டரைச் செருகிப் பார்த்தே இதைக் கண்டுபிடித்தார். மூன்றாமவர் ஜூன் மாதத்தில் மெத்தைமேல் கணினியை வைத்து எழுதுபவர். லித்தியம் அயனிக் கலங்களைப் பொதுவாக 45 பாகைக்குமேல் மின்னேற்றுவதில்லை. வடநாட்டுக் கோடையில் விடுதி அறையே அதை நெருங்கிவிடுகிறது. மேசைக்கு மாற்றி, மின்விசிறிக்குக் கீழே வைத்ததும் ஏறத் தொடங்கியது.

டைப்-சி முனையுள்ள கணினி வைத்திருப்போர்க்கு ஒரு சொல்: முனை பொருந்துவதால் மட்டும் போதாது. 65 வாட் கேட்கும் கணினிக்குக் கைப்பேசியின் 18 வாட் சார்ஜரைச் செருகினால் ஏறாது, அல்லது ஆமைபோல் ஏறும்.

நான்காமவர்க்கு உண்மையிலேயே பேட்டரி போய்விட்டது. அதையும் நாங்கள் அளந்தே அறிந்தோம். விண்டோஸின் கட்டளைச் சாளரத்தில் ‘பவர்சிஎஃப்ஜி’ கட்டளையைப் ‘பேட்டரிரிப்போர்ட்’ என்ற தெரிவோடு இயக்கினால் ஓர் அறிக்கை கிடைக்கும். வடிவமைத்தபோது இருந்த கொள்ளளவும் இன்று நிரம்பும் கொள்ளளவும் அதில் அடுத்தடுத்து இருக்கும். அவருடையதில் முதலாவது ஏறத்தாழ 50,000 மில்லிவாட்மணி, இரண்டாவது 19,000. மாற்றத்தான் வேண்டும், மாற்றினார். பேட்டரி உப்பியிருந்தால் இந்த ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். உடனே அணையுங்கள், செருகாதீர்கள், அழுத்தவோ குத்தவோ செய்யாதீர்கள், கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.

பாதுகாப்பு கருதியே எல்லாவற்றையும் மூடி வைக்கிறோம் என்று நிறுவனங்கள் சொல்லும். பாதுகாப்புக் கருதினால் காரணத்தைத் திரையில் சொல்லவல்லவா வேண்டும்? ‘அடாப்டரை அறிய இயலவில்லை’ என்றும், ‘வெப்பம் மிகுதி’ என்றும், ‘நீங்கள் 60இல் நிறுத்தச் சொன்னீர்கள்’ என்றும் மூன்று வாக்கியங்கள் போதும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டு பேட்டரி ஒழுங்குமுறை, கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயனரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டுமென்று 2027 பிப்ரவரி 18 முதல் கட்டாயமாக்குகிறது. இங்கே 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை ‘பழுதுபார்க்கும் உரிமை’க்கு ஒரு குழு அமைத்தது, அவ்வாண்டு டிசம்பரில் ஓர் இணையவாசலும் திறந்தது. வாசல் சட்டமாகாது. தகவல் தருவதும் தராததும் நிறுவனத்தின் விருப்பமாக இருக்கும்வரை, குடையின்கீழ் இருப்பவர் ஊகித்தே பிழைக்க வேண்டும்.

பல்கலைக்கழகத்தையும் விட்டுவிட முடியாது. ஆய்வேட்டை மின்படியாகக் கொடு, கருத்துத்திருட்டு அறிக்கை கொடு, இணையவழிக் கூட்டத்துக்கு வா என்று எல்லாவற்றையும் கணினிவழிக் கேட்கிறது. அந்தக் கணினி நின்றால் அது மாணவரின் சொந்தச் சங்கடமாகிவிடுகிறது. நூலகத்தில் கடன் கொடுக்க 65 வாட் அடாப்டர் நான்கும், வாரம் ஒருநாள் வந்து பார்க்க அந்தக் குடைக்காரரைப் போன்ற ஒருவருக்கு ஊதியமும் கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதியிருக்கிறோம். இதுவரை பதினேழு கையொப்பங்கள். தாள் விடுதிக் காவலர் மேசையில் இருக்கிறது, வெள்ளிக்கிழமை மாலைவரை. தேநீர்க்கடை மூத்தவரும் வந்து கையொப்பமிடலாம். அவருடைய கணினியும் ஒரு மாதமாக 80ஐத் தாண்டவில்லை என்று கேள்வி.